டிரிப்யூனல் கெடு தவறிவிட்டால்: பிரிட்டனில் வேலை பார்க்கும் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

2019-ல் லண்டனில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீடு செய்தேன். "அடுத்த வாரம் பதில் வரும்" என்று மேலாளர் சொல்லிக்கொண்டே இருந்தார். பதில் கையில் கிடைத்தபோது மூன்று மாதம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அதற்கப்புறம் வேலைத் தகராறுகளை விசாரிக்கும் எம்ப்ளாய்மென்ட் டிரிப்யூனலுக்குப் போனேன். காலம் கடந்த மனு, விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என்னை நீக்கியது சரியா தவறா என்ற பேச்சே அங்கே எழவில்லை.

அன்றிலிருந்து கோவிலிலோ கல்யாண வீட்டிலோ யாராவது "வேலை போய்விட்டது" என்றால் நான் முதலில் கேட்பது "எந்தத் தேதியில்?" என்பதுதான். அப்படிப் பேசும்போது திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய மூன்றுக்கும் பொருந்தும். வட அயர்லாந்தில் டிரிப்யூனலும் வேறு, சட்டமும் வேறு.

கெடு எவ்வளவு நாள்?

பெரும்பாலான வழக்குகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. நியாயமில்லாமல் நீக்கியது, சம்பளத்தைப் பிடித்தது, விடுமுறைச் சம்பளம் தராதது, இனம், மதம், கர்ப்பம், ஊனம் போன்ற காரணங்களால் பாகுபாடு காட்டியது எல்லாம் இதில் அடக்கம். ஆள்குறைப்புப் பணம், அதாவது ரிடன்டன்சி பே, கேட்க ஆறு மாதம் உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் கேட்கும் வழக்குக்கும் பொதுவாக வேலை முடிந்ததிலிருந்து ஆறு மாதம்.

ரொம்பக் குறுகிய கெடு ஒன்றும் இருக்கிறது. நிறுவனத்தின் முறைகேட்டை வெளியே சொன்னதற்காக அல்லது தொழிற்சங்க வேலைக்காக நீக்கப்பட்டவர், வழக்கு முடியும்வரை சம்பளம் தொடர வேண்டும் என்று இடைக்கால நிவாரணம் கேட்கலாம். அதற்கு வேலை முடிந்த நாளிலிருந்து ஏழே நாள். இந்தக் கெடுவை நீட்ட முடியாது. இதற்குக் கீழே சொல்லும் ஏகாஸ் சான்றிதழ் தேவையில்லை. முதியோர் இல்லத்தில் நடக்கும் கொடுமையைப் புகார் செய்து வேலை இழந்த கேர் வொர்க்கர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஆறு மாதமாக மாற்றிவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

பாதி உண்மை. 2025 டிசம்பர் 18 அன்று அரச ஒப்புதல் பெற்ற எம்ப்ளாய்மென்ட் ரைட்ஸ் சட்டம் இந்த மூன்று மாதத்தை ஆறாக்குகிறது. ஆனால் அந்தப் பிரிவு 2026 அக்டோபருக்கு முன்னால் நடைமுறைக்கு வராது. சட்டம் நிறைவேறிய நாள் வேறு, அது அமலுக்கு வரும் நாள் வேறு. அந்தச் செய்தியை நம்பி யாரும் நான்காவது மாதம்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் வழக்கு எந்தப் பக்கம் விழும் என்று சந்தேகம் இருந்தால் மூன்று மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் போட்டதால் கெட்டுப்போன வழக்கை நான் பார்த்ததில்லை.

நாளை எப்படிக் கணக்கிடுவது?

வேலை முடிந்த நாளே முதல் நாள். இங்கேதான் பலர் ஒரு நாளைத் தவறவிடுகிறார்கள். சுலபமான வழி: அந்தத் தேதியிலிருந்து ஒரு நாள் பின்னால் போங்கள், பிறகு மூன்று மாதம் கூட்டுங்கள். 2026 மார்ச் 10-ல் வேலை முடிந்தால் கெடு ஜூன் 9, இரவு 12 மணிவரை. ஜூன் 10-ல் போட்டால் தாமதம்.

கடைசி நாள் சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை என்று வந்தாலும் திங்கள்கிழமைக்குத் தள்ளிப்போகாது. ஆன்லைன் படிவம் எந்த நேரமும் திறந்திருக்கும், எனவே ஞாயிற்றுக்கிழமை என்பது அங்கே ஒரு காரணமே இல்லை.

சம்பளம் பிடித்த வழக்கில், குறைந்த சம்பளம் கொடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். மாதாமாதம் தொடர்ந்து பிடித்திருந்தால் கடைசியாகப் பிடித்த நாளிலிருந்து. அப்போதும் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு மேல் பின்னோக்கிப் போக முடியாது.

வேலை முடிந்த நாள் எது என்பதிலேயே குழப்பமாக இருக்கிறதே?

இருக்கத்தான் செய்யும். நோட்டீஸ் காலத்தில் வேலை பார்த்திருந்தால் நோட்டீஸ் முடிந்த நாள். "இன்றோடு போய்விடு, நோட்டீஸ் காலச் சம்பளத்தைக் கையில் தந்துவிடுகிறோம்" என்றால் பொதுவாக அன்றே முடிந்தது. நோட்டீஸ் காலத்தில் வீட்டில் இருக்கச் சொல்லி மாதாமாதம் சம்பளம் போட்டால் அந்தக் காலம் முடியும் நாள். கடைசிச் சம்பளம் வந்த தேதியையோ வேலை முடிந்ததும் தரும் பி45 தாள் வந்த தேதியையோ பிடித்துக்கொண்டு எண்ணாதீர்கள். இந்தத் தப்பு அடிக்கடி நடக்கிறது.

கடிதம் மூலம் நீக்கினால்? 2010-ல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் கிஸ்டா என்ற நிறுவனத்தின் வழக்கில் இதற்குப் பதில் சொன்னது. ஒரு பெண்ணை நீக்கி 2006 நவம்பர் 29 தேதியிட்ட கடிதம் அனுப்பினார்கள். மறுநாள் அது வீட்டுக்கு வந்துவிட்டது. அவர் குழந்தை பெற்ற தன் சகோதரியைப் பார்க்க வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்து டிசம்பர் 4-ல்தான் படித்தார். 2007 மார்ச் 2-ல் மனு போட்டார். கடிதம் வந்த நாளிலிருந்து எண்ணினால் தாமதம், படித்த நாளிலிருந்து எண்ணினால் சரி. படித்த நாள், அல்லது படிக்க நியாயமான வாய்ப்புக் கிடைத்த நாள்தான் கணக்கு என்று தீர்ப்பானது. அதற்காக, கடிதத்தைப் பிரிக்காமல் மேசையில் போட்டுவைத்தால் நாள் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். வேண்டுமென்றே பிரிக்காதவருக்கு இந்தத் தீர்ப்பு துணை வராது.

ஏகாஸ் என்கிறார்களே, அது என்ன? அதனால் கெடு நீளுமா?

ஏகாஸ் என்பது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே சமரசம் பேசும் பொது அமைப்பு. 2014 மே 6 முதல், டிரிப்யூனலுக்குப் போகுமுன் ஏகாஸிடம் தெரிவித்து சான்றிதழ் எண் வாங்குவது கட்டாயம். எர்லி கன்சிலியேஷன் என்று அதற்குப் பெயர். காசு கிடையாது. முதலாளியோடு பேச விருப்பமில்லை என்று சொன்னாலும் சான்றிதழ் தருவார்கள். அந்த எண் இல்லாமல் டிரிப்யூனலுக்கான மனுவை, அதாவது இ.டி.1 படிவத்தை, போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கெடுவுக்குள் ஏகாஸிடம் போனால் கடிகாரம் நிற்கும். நீங்கள் தெரிவித்த நாளுக்கு மறுநாள் தொடங்கி சான்றிதழ் கிடைத்த நாள்வரை எண்ண மாட்டார்கள். 2025 டிசம்பர் 1 முதல் இந்தச் சமரசக் காலம் அதிகபட்சம் பன்னிரண்டு வாரம். அதற்கு முன் ஆறு வாரமாக இருந்தது.

மேலே சொன்ன மார்ச் 10 உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். கெடு ஜூன் 9. ஏகாஸிடம் மார்ச் 15-ல் தெரிவித்து, ஏப்ரல் 26-ல் சான்றிதழ் வந்தது என்றால் 42 நாள் கழிகிறது. ஜூன் 9-ஓடு 42 நாள் கூட்டினால் புதிய கெடு ஜூலை 21.

இன்னொருவர் மே 20-ல்தான் தெரிவித்தார், சான்றிதழ் ஜூலை 1-ல் வந்தது. இதுவும் 42 நாள்தான், கூட்டினால் ஜூலை 21. ஆனால் இப்படிக் கூட்டிய தேதி, சான்றிதழ் வந்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் விழுந்தால், அந்த ஒரு மாதத்தை முழுதாகக் கொடுப்பார்கள். எனவே இவருக்குக் கெடு ஆகஸ்ட் 1. அது சனிக்கிழமை. திங்கள்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் போச்சு.

கெடு முடிந்த பிறகு ஏகாஸிடம் போனால் அந்த ஒரு மாதம் கிடைக்காதா?

கிடைக்காது. சான்றிதழ் தருவார்கள், ஆனால் ஓடி முடிந்த கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்ப அதனால் முடியாது. சான்றிதழ் கையில் இருக்கிறதே, அப்படியானால் கெடுவுக்குள்தானே இருக்கிறோம் என்று நானும் நம்பினேன். ஏகாஸ் ஊழியர்கள் உங்கள் தேதி சரியா என்று பார்த்துச் சொல்ல மாட்டார்கள். அது அவர்கள் வேலை இல்லை.

இன்னொரு பள்ளம்: அதே விஷயத்துக்காக இரண்டாவது தடவை ஏகாஸிடம் போய் இன்னொரு சான்றிதழ் வாங்குவது. முதல் சான்றிதழ்தான் கணக்கு. இரண்டாவதுக்குக் கூடுதல் நாள் கிடையாது. அதைப் பெரிதாக நம்பிச் சிலர் வாரக்கணக்கில் காத்திருந்து வழக்கை இழந்திருக்கிறார்கள்.

கம்பெனிக்குள் மேல்முறையீடு போட்டிருக்கிறேன். பதில் வரும்வரை காத்திருக்கலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்முறையீடு, கம்பெனிக்குள் கொடுக்கும் கிரீவன்ஸ் புகார், ஹெச்.ஆரோடு பேச்சு, எதுவுமே கடிகாரத்தை நிறுத்தாது. உள்ளே மேல்முறையீடு நடக்கிறது என்பது மட்டுமே தாமதத்துக்குப் போதுமான காரணம் ஆகாது என்று 1980-களிலிருந்தே நீதிமன்றங்கள் சொல்லிவருகின்றன. ஆனால் நம் ஆட்களின் மனம் அப்படி வேலை செய்வதில்லை. "உள்ளே பேசி முடியாவிட்டால்தானே கோர்ட்டுக்குப் போவது, அதற்கு முன்னால் போனால் மரியாதை இல்லையே" என்று நினைப்போம். அந்த நினைப்பில் கெட்ட எண்ணமே கிடையாது. நல்ல மனிதர்களின் வழக்குகள்தான் இப்படிப் போகின்றன என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம். மேல்முறையீடு ஒரு பக்கம் ஓடட்டும், நீங்கள் ஏகாஸிடம் தெரிவித்துவிடுங்கள். தேவைப்பட்டால் மனுவையும் போட்டுவிட்டு, உள்ளே முடிவு வரும்வரை நிறுத்திவைக்கும்படி டிரிப்யூனலைக் கேட்கலாம். மேல்முறையீட்டில் ஜெயித்து வேலை திரும்பக் கிடைத்தால் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். மனு போடக் கட்டணமும் இல்லை. 2013-ல் கொண்டுவந்த கட்டணத்தை, யூனிசன் தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில் 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்று நீக்கிவிட்டது.

எனக்குக் கெடு தாண்டிவிட்டது. எல்லாம் முடிந்ததா?

முடிந்தது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். உங்கள் வழக்கு எந்த வகை என்பதைப் பொறுத்தது.

வேலை நீக்கம், சம்பளப் பிடித்தம், விடுமுறைச் சம்பளம் போன்றவற்றுக்குக் கடுமையான சோதனை இருக்கிறது. முதலில், கெடுவுக்குள் மனு போடுவது நடைமுறையில் நியாயமாக இயலாத காரியமாக இருந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். அதைக் காட்டினாலும், தடை நீங்கிய பிறகு நியாயமான காலத்துக்குள் போட்டீர்களா என்று அடுத்துப் பார்ப்பார்கள். இரண்டு கதவும் திறக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கிடந்தவர், வீட்டுக்கு வந்து இன்னும் இரண்டு மாதம் சும்மா இருந்தால் முதல் கதவு திறந்தும் இரண்டாவது மூடிவிடும்.

பாகுபாட்டு வழக்குகளுக்கு, 2010-ன் ஈக்வாலிட்டி சட்டப்படி, காலத்தை நீட்டுவது நியாயமும் பொருத்தமும் என்று டிரிப்யூனல் கருதினால் போதும். இது அகலமான கதவு. அதைத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

சட்டம் எனக்குத் தெரியாது என்று சொன்னால் ஏற்பார்களா?

தெரியாமல் இருந்தது நியாயமா என்றுதான் கேட்பார்கள். வேலை நீக்கத்துக்கு எதிராக வழக்குப் போட முடியும் என்பது தெரிந்திருந்தால், எவ்வளவு நாளுக்குள் என்று விசாரித்திருக்க வேண்டாமா என்பது அவர்கள் வாதம். என்னிடம் நீதிபதி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "உங்களிடம் இன்டர்நெட் உள்ள போன் இருந்ததா?" இருந்தது என்றேன். அந்த ஒரு பதிலில் என் நிலைமை எனக்கே புரிந்துவிட்டது.

ஆங்கிலம் சரளமாக வராது என்பதும் தனியாக நின்றால் வலுவில்லை. ஆனால் அதோடு வேறு காரணங்கள் சேரும்போது நிலைமை மாறலாம். 2019-ல் அப்பீல் நீதிமன்றம்வரை போன ஒரு வழக்கில், படிக்கவும் எழுதவும் சிரமப்படும் டிஸ்லெக்சியா என்ற குறைபாடு கடுமையாக உள்ள ஒருவர் தன் சகோதரரின் உதவியை நம்பி இருந்தார். காலம் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பதில் அவர்களுக்குக் குழப்பம் நேர்ந்தது. அந்தக் குழப்பம் நியாயமானதுதான் என்று காலத்தை நீட்டிக் கொடுத்தது அங்கே நிலைத்தது.

உண்மை பிறகுதான் தெரியவந்தது என்பதும் ஒரு காரணம். "ஆள்குறைப்பு" என்று அனுப்பிவிட்டார்கள், நாலு மாதம் கழித்துப் பார்த்தால் அதே வேலைக்கு வேறொருவரை எடுத்திருக்கிறார்கள் என்றால், அதுவரை சந்தேகப்படக் காரணமே இல்லை என்று சொல்ல முடியும். ஆனால் தெரிந்த நாளிலிருந்து ஓட வேண்டும், நடக்கக் கூடாது.

வக்கீல் தேதியைத் தவறவிட்டார். அவர் தப்புக்கு நான் ஏன் பொறுப்பு?

வேலை நீக்க வழக்கில், துரதிர்ஷ்டவசமாக, பொதுவாக நீங்கள்தான் பொறுப்பு. திறமையான ஆலோசகரை அமர்த்தி அவர் தவறு செய்தால், தொழிலாளி தன் நஷ்டத்தை அந்த ஆலோசகரிடம் கேட்க வேண்டும் என்று 1970-களிலேயே நீதிபதி டென்னிங் பிரபு எழுதிய தீர்ப்பு இன்றும் கோலோச்சுகிறது. எனவே அந்த வக்கீல்மீது அலட்சியத்துக்காகத் தனியாக வழக்குப் போடும் வழி இருக்கிறது. பாகுபாட்டு வழக்கில் வக்கீலின் தவறை உங்கள் தலையில் அவ்வளவு கறாராகக் கட்ட மாட்டார்கள்.

டிரிப்யூனல் அலுவலக ஊழியரே தப்பான தேதி சொன்னால் அது வேறு. அதை நம்பியது நியாயம் என்று ஏற்றுக்கொண்ட தீர்ப்பு இருக்கிறது. யார், எப்போது, என்ன சொன்னார் என்று எழுதிவைத்திருந்தால்தான் அதைக் காட்ட முடியும்.

மனசு உடைந்துபோய்ப் படுத்த படுக்கையாக இருந்தேன். ஜிபி, அதாவது குடும்ப டாக்டர், கொடுத்த சிக் நோட் போதுமா?

பெரும்பாலும் போதாது. அந்தத் தாள் நீங்கள் வேலைக்குப் போகும் நிலையில் இல்லை என்று மட்டும்தான் சொல்கிறது. ஒரு படிவத்தை நிரப்பவோ ஒரு போன் செய்யவோ கூட முடியாத நிலையில் இருந்தீர்கள் என்பதை அது சொல்லவில்லை. டாக்டரிடம் போய் இந்த வித்தியாசத்தை விளக்கி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எப்படி இருந்தீர்கள் என்று கடிதம் கேளுங்கள். கெடுவின் முதல் வாரங்களைவிடக் கடைசி வாரங்களில் எப்படி இருந்தீர்கள் என்பதை டிரிப்யூனல் கூடுதலாகக் கவனிக்கும்.

அதே மாதங்களில் வேறு வேலைக்கு விண்ணப்பித்திருந்தால், கம்பெனிக்கு நீளநீளமாக மின்னஞ்சல் எழுதியிருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் அதை எடுத்து நீட்டுவார். மறைக்காதீர்கள். மன அழுத்தத்தில் இருப்பவர் ஒருநாள் எழுந்து பத்து வரி எழுதுவார், அடுத்த பத்து நாள் எழுந்திருக்க மாட்டார். அதை அப்படியே சொல்லுங்கள்.

பாகுபாட்டு வழக்கில் என்ன பார்ப்பார்கள்?

தாமதம் எவ்வளவு, காரணம் என்ன, அந்தத் தாமதத்தால் முதலாளி தரப்புக்குச் சாட்சிகளோ ஆவணங்களோ கிடைக்காமல் போயிற்றா என்பவை முக்கியம். தாமதத்துக்கு நல்ல காரணம் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் காரணமே சொல்லாவிட்டால் யாருக்கு இரக்கம் வரும்? காலத்தை நீட்டுவது விதிவிலக்குதான், வழக்கம் அல்ல என்று 2003-ல் அப்பீல் நீதிமன்றம் சொன்னதை எதிர்த்தரப்பு கட்டாயம் மேற்கோள் காட்டும். அகலமான கதவு என்றாலும் தட்ட வேண்டியது நீங்கள்தான்.

ஒரே ஆள், அல்லது ஒரே இடத்தில் ஒரே போக்கு, மாதக்கணக்கில் உங்களைத் துன்புறுத்தியிருந்தால் அவற்றைத் தொடர்ந்த ஒரே செயலாகக் காட்ட முடியும். அப்போது கடைசிச் சம்பவத்திலிருந்து காலம் எண்ணப்படும். "உன் ஊர்ச் சாப்பாட்டு நாற்றம்" என்று ஜனவரியில் சூபர்வைசர் சொன்னது, ஏப்ரலில் உங்களுக்கு மட்டும் ஷிஃப்ட் குறைத்தது, ஜூலையில் நீக்கியது மூன்றும் ஒரே கையிலிருந்து வந்தவை என்றால் சேர்த்துக் கட்டலாம். வேறு வேறு ஆட்கள், வேறு வேறு காரணங்கள் என்றால் கட்டு அவிழ்ந்துவிடும். மனுவில் ஒவ்வொரு சம்பவத்துக்கும் தேதி, ஆள், இடம் எழுதுங்கள்.

வேலை நீக்கக் கெடு தாண்டியது என்பதற்காக, நடக்காத பாகுபாட்டை மனுவில் சேர்க்கச் சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். உண்மையில் பாகுபாடு அனுபவித்தவர்களின் வழக்குகளை அது கெடுக்கிறது. ஆதாரமில்லாத வழக்கு என்றால் எதிர்த்தரப்புச் செலவையும் உங்கள் தலையில் போட இடமுண்டு.

ஒரே ஒரு நாள்தானே தாமதம்?

88 வினாடி தாமதமாக மின்னஞ்சலில் வந்த வேலை நீக்க மனுவை நிராகரித்தது சரிதான் என்று 2008-ல் அப்பீல் நீதிமன்றம் உறுதிசெய்தது. கெடுவுக்குள் போட முடிந்ததா இல்லையா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. எவ்வளவு தாமதம் என்பது அதற்குப் பிறகுதான்.

முதலாளியே "பரவாயில்லை, தாமதமானாலும் ஆட்சேபிக்க மாட்டேன்" என்கிறார். போதாதா?

போதாது. இந்தக் கெடு டிரிப்யூனலின் அதிகாரத்தையே தீர்மானிக்கிறது. இரண்டு தரப்பும் கைகுலுக்கி ஒப்புக்கொண்டாலும், கெடுவைத் தள்ளிவைக்க முடியாது.

ஸ்பான்சர் விசாவில் இருக்கிறேன். வழக்குப் போட்டால் விசா போய்விடும் என்கிறார்கள். ஊருக்குத் திரும்பிவிட்டால் என்ன ஆகும்?

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கேர் வேலைக்கு வந்த தம்பி தங்கைகள் இதைத் தாழ்ந்த குரலில்தான் கேட்பார்கள். டிரிப்யூனல் வேறு, விசாவைப் பார்க்கும் ஹோம் ஆபீஸ் வேறு. வழக்குப் போடுவது விசாவை ரத்துசெய்யும் காரணம் அல்ல. ஸ்பான்சரிடம் வேலை போனால் பொதுவாக 60 நாளில் வேறு ஸ்பான்சர் தேட வேண்டும் அல்லது கிளம்ப வேண்டும். அந்த ஓட்டத்தில், அதே நாளில் தொடங்கிய மூன்று மாதக் கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை. பயம்தான் தாமதத்துக்குக் காரணம் என்றால், யார் என்ன சொல்லி மிரட்டினார் என்பதைச் செய்தி, குரல்பதிவு என்று இருக்கும் ஆதாரத்தோடு சொல்லுங்கள்.

விமானம் ஏறினாலும் கடிகாரம் நிற்காது. ஆனால் ஏகாஸுக்குத் தெரிவிப்பதும் இ.டி.1 போடுவதும் ஆன்லைனிலேயே முடியும், திருச்சியில் இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் போடலாம். வெளிநாட்டிலிருந்து வீடியோவில் சாட்சி சொல்வதற்கு அந்த நாட்டின் ஆட்சேபம் இல்லை என்று உறுதிசெய்யும் நடைமுறை இருப்பதால், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று டிரிப்யூனலுக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் கேளுங்கள், இலவசமாகவே ஏற்பாடு செய்வார்கள்.

சரி, தாமதமாகவே போடுகிறேன். எப்படிப் போடுவது?

இன்றே போடுங்கள். இன்னும் நல்லா எழுதிவிட்டுப் போடலாம் என்று ஒரு வாரம் எடுத்தால், அந்த ஒரு வாரத்துக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். ஏகாஸ் சான்றிதழ் இன்னும் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். சமரசம் வேண்டாம், சான்றிதழ் உடனே வேண்டும் என்று சொல்லலாம். மனுவிலேயே, தாமதமானது தெரியும், காரணம் இது, காலத்தை நீட்டித் தாருங்கள் என்று நாலு வரி சேர்த்துவிடுங்கள்.

அதன் பிறகு பெரும்பாலும் கெடு விஷயத்துக்கென்றே ஒரு முன்விசாரணை வைப்பார்கள். அதில் நீங்கள் சத்தியம் செய்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். ஒரு தாளில் தேதி வரிசையாக எழுதுங்கள்: எப்போது நீக்கினார்கள், வழக்குப் போடலாம் என்று யார் மூலம் எப்போது தெரிந்தது, யாரைக் கூப்பிட்டீர்கள், என்ன சொன்னார்கள், எந்த வாரம் ஆஸ்பத்திரி, எந்த நாளில் கெடு பற்றி முதலில் கேள்விப்பட்டீர்கள், அதற்கப்புறம் என்ன செய்தீர்கள். போன் பதிவுகள், மின்னஞ்சல், டாக்டர் கடிதம் எல்லாவற்றையும் அந்தத் தேதிகளோடு சேர்த்து வையுங்கள். நான் வெறுங்கையோடு போனேன். மேலாளர் "அடுத்த வாரம்" என்று அனுப்பிய செய்திகள்கூட பழைய போனோடு போய்விட்டன.

உதவிக்கு ஏகாஸ் எண் 0300 123 1100. ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு, உங்கள் ஊரில் சட்ட உதவி செய்யும் லா சென்டர் இருந்தால் அது, தொழிற்சங்க உறுப்பினராக இருந்தால் சங்கம். வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள், பலருடையதில் சட்டச் செலவுக் காப்பும் சேர்ந்திருக்கும், அது இருப்பதே தெரியாமல் வருஷாவருஷம் பணம் கட்டிக்கொண்டிருப்போம்.

டிரிப்யூனல் கதவு மூடிவிட்டது. பணமாவது கிடைக்குமா?

சம்பள பாக்கி, நோட்டீஸ் பணம் போன்றவை ஒப்பந்தத்தை மீறிய விஷயம். அவற்றைச் சாதாரண சிவில் நீதிமன்றத்தில் கேட்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கவுன்டி கோர்ட்டில் ஆறு ஆண்டு, ஸ்காட்லாந்தில் ஐந்து ஆண்டு அவகாசம். அங்கே கட்டணம் உண்டு. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே கொடுத்திருந்தால் அரசு அமலாக்கத்திடம் இலவசமாகப் புகார் செய்யலாம், ஆறு ஆண்டு பாக்கிவரை வசூலிக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. மேலே சொன்ன ஏகாஸ் எண்ணிலேயே வழி சொல்வார்கள். பெட்ரோல் நிலையத்திலும் கடையிலும் மணிக்கு நாலு, ஐந்து பவுனுக்கு வேலை பார்த்த நம் ஆட்களில் எத்தனையோ பேர் இந்த வழியைக் கேள்விப்பட்டதே இல்லை.

நியாயமற்ற நீக்கத்துக்கும் வேலையிடப் பாகுபாட்டுக்கும் இப்படி வேறு நீதிமன்றம் கிடையாது.

முன்விசாரணையில் தோற்றால் மேலே போகலாமா?

முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்லி அதே டிரிப்யூனலிடம் 14 நாளுக்குள் கேட்கலாம். எம்ப்ளாய்மென்ட் அப்பீல் டிரிப்யூனலுக்குப் போக 42 நாள். அங்கே சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தினார்களா என்று மட்டும் பார்ப்பார்கள், உங்கள் கதையை மறுபடி கேட்க மாட்டார்கள். வாய்மொழியாகத் தீர்ப்புச் சொன்னால் எழுத்தில் காரணங்கள் வேண்டும் என்று அன்றே, அல்லது எழுத்துத் தீர்ப்பு வந்த 14 நாளுக்குள் கேளுங்கள். அது இல்லாமல் மேல்முறையீடு நகராது. இந்த 42 நாளும் கறார்தான், கடைசி நாளில் மாலை 4 மணிக்குள் போய்ச் சேர வேண்டும், இரவு 12 மணி கணக்கு இங்கே செல்லாது.